ஊவாப் பெருந்தோட்டப் பாடசாலைகளும் சித்திரக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் கல்வி வரலாற்றை ஆராய்ந்தோர் போதனாமொழி, பாடசாலை முகாமை, சமயம், பரீட்சை ஆகியவற்றுக்கு அளித்த கவனத்தைச் சித்திரம் போன்ற பாடங்களுக்குப் பெரிதும் அளித்திலர். மலையகக் கல்வியைப் பொறுத்தவரை இது இன்னும் உண்மையாகும். கட்டடமும் ஆசிரியரும் இல்லாத பாடசாலையில் வர்ணத்தையும் தூரிகையையும் பற்றிப் பேசுவது எங்ஙனம் என்னும் வினா எழுவது இயல்பே. ஆயினும், ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு எது கற்பிக்கப்பட்டது என்பதைக் காட்டிலும், எது கற்பிக்கத் தேவையற்றது என ஒதுக்கப்பட்டது என்பது சில வேளைகளில் அச்சமூகத்தின் நிலையைத் தெளிவாக எடுத்துக்காட்டும். அத்தகைய ஒதுக்கப்பட்ட பாடங்களுள் சித்திரம் ஒன்று.

பதுளை, மொனராகலை ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய ஊவா மாகாணத்தின் தோட்டப் பாடசாலைகளை மனத்திற்கொண்டு, இளஞ்சிறார்க்குச் சித்திரத்தின் அடிப்படைகளைக் கற்பித்தல் என்னும் பணி கடந்து வந்த பாதையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்டப் பிள்ளைக்குச் சித்திரம் கிடைக்காமற் போனமைக்கு வறுமை மட்டுமே காரணமன்று. தொழிலாளியின் பிள்ளைக்கு எவ்வளவு அறிவு போதும் என்று பிறர் செய்த கணிப்பே அதன் அடிப்படைக் காரணம் என்பது நாம் இங்கு முன்வைக்கும் கருத்தாகும்.

1. மணலில் தொடங்கிய கோடு

தமிழ் மரபில் எழுதுதலும் வரைதலும் தொடக்கத்தில் வெவ்வேறாக இருந்தில. ‘எழுதுதல்’ என்னும் சொல் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் ஒருங்கே வழங்கியது. வண்ணம் தீட்டப்பெறாத கோட்டோவியத்துக்குப் ‘புனையா ஓவியம்’ என ஒரு தனிப் பெயரே நெடுநல்வாடையில் உண்டு. ‘வரை’, ‘கோடு’ என்னும் இரு சொற்களும் இழுக்கப்படும் கீற்றைக் குறிப்பதோடு மலையையும் மலையுச்சியையும் குறித்து நிற்பதும் மனங்கொள்ளத்தக்கது. வானத்தின் எதிரே மலை வரையும் விளிம்பே மனிதன் கண்ட முதற் பெருங்கோடாக இருத்தல் கூடும்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகியது. 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் இந்த மணலெழுத்து முறையைக் கண்டு தமது பள்ளியிற் கையாண்டார். அவர் 1797இல் வெளியிட்ட நூலின் வழியாக அது இங்கிலாந்தையும் எட்டியது. ஏழைப் பிள்ளைக்குத் தாளும் மையும் இல்லாமலே கையையும் கண்ணையும் பழக்கலாம் என்பதற்கு இது சான்று. விரல் மணலில் நகரும்போது பிள்ளை முதலிற் கற்பது எழுத்தையன்று. நேர்கோடு, வளைவு, சுழி, தொடக்கம், முடிவு என்பனவற்றையே அது முதலிற் கற்கின்றது. சித்திரத்தின் அடிப்படைகளும் இவையே.

காப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தோன்றிய இலைநோயாற் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் இம்மரபையும் உடன் கொணர்ந்தனர். கங்காணிமார் சிலரின் ஆதரவில் எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலிலோ மரநிழலிலோ பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தமையே தோட்டங்களில் நிகழ்ந்த தொடக்கக் கல்வியாகும். 1854இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் போன்ற சமய அமைப்புகளின் பள்ளிகள் இதற்கு அடுத்தபடியாக அமைந்தன.

2. குடியேற்றவாதக் கல்வியில் சித்திரம்

இக்காலத்தில் பிரித்தானியாவில் சித்திரக் கல்வி தொழிற்றுறையின் தேவையோடு இணைக்கப்பட்டிருந்தது. 1852இல் ஹென்றி கோல் தலைமையில் அமைந்த செய்முறைக் கலைத் திணைக்களம் 23 படிகளைக் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை நாடெங்கும் பரப்பிற்று. கருவிகளைக் கொண்டு நேர்கோடு இழுத்தல், அச்சிட்ட மாதிரியின் புறக்கோட்டைப் பார்த்து வரைதல் ஆகியவற்றில் அது தொடங்கியது. துணிக்கும் மட்பாண்டத்துக்கும் வடிவம் சமைக்கும் கைகளை உருவாக்குவதே அதன் குறிக்கோள். பிள்ளை தான் கண்டதையோ எண்ணியதையோ வரைவதற்கு அதில் இடம் இருக்கவில்லை.

‘தென் கென்சிங்டன் முறை’ எனப் பெயர்பெற்ற இந்நெறி பேரரசின் நாடுகளுக்கும் ஏற்றுமதியாயிற்று. இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதை அடுத்து, பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்ப வழங்கப்படலாயிற்று. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றுமே அப்பரீட்சையின் உயிர்நாடியாகும். பணம் ஈட்டித் தராத பாடம் பாடசாலையிற் காலூன்றுதல் அரிது. சித்திரம் நகர்ப்புற ஆங்கிலப் பாடசாலைகளில் ஒரு நாகரிகப் பயிற்சியாக இடம்பெற, சுயமொழிப் பாடசாலைகளில் அது வேண்டாப் பொருளாயிற்று.

இந்நிலையை அக்காலத்திலேயே கண்டித்தவர் ஆனந்த குமாரசுவாமி. இங்கிலாந்துக் கல்வி இந்நாட்டுப் பிள்ளையை அதன் கைவினை மரபிலிருந்து அறுத்துவிட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. 1908இல் வெளியான ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலில், கண்டிப் பகுதிக் கைவினைஞரின் பிள்ளைகள் வளைகோடுகளைத் திரும்பத் திரும்ப வரைந்து தொழிலைத் தொடங்கிய முறையை அவர் பதிவுசெய்தார். ஒரே மலைநாட்டில் சிங்களக் கைவினைஞனின் மகன் பலகையில் வளைகோடு பழக, தமிழ்த் தொழிலாளியின் மகள் லயத்து வாசலிற் கோலத்தின் வளைகோடு பழகினாள். பாடசாலை இவ்விரண்டையும் அறியாததாகவே நின்றது.

3. பத்து வயதில் முடிந்த கல்வி

தோட்டப் பிள்ளைகளின் கல்வி சட்டத்தின் கவனத்துக்கு வந்தது 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தின் மூலமாகும். 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கெனத் தகுந்த ஓர் அறையை ஒதுக்குவதும் தோட்ட அதிகாரியின் பொறுப்பு என அது விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் இப்பொறுப்பை மீளவும் வலியுறுத்தியது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டமோ 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துதலைத் தடைசெய்தது.

இவ்விரு எல்லைகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். கல்வி முடியும் வயதும் கூலி வேலை தொடங்கக்கூடிய வயதும் ஒன்றாகவே அமைந்தன. 10 வயதில் மலைக்குக் கொழுந்தெடுக்கவோ புல் வெட்டவோ செல்ல இருக்கும் பிள்ளைக்குப் பெயரை எழுதவும் சிட்டையைப் பார்க்கவும் தெரிந்தாற் போதும் என்பதே இந்த ஏற்பாட்டில் தொக்கிநிற்கும் கருத்து. ஓர் அறை, ஓர் ஆசிரியர், சிலேற்று, காலைப்பொழுது: இந்த அமைப்பில் சித்திரம் இடம்பெறாமை தற்செயலானதன்று. பிள்ளையின் கை தோட்டத்துக்கு வேண்டியதாயிருந்தது. அதன் கண்ணும் கற்பனையும் எவருடைய கணக்கிலும் சேரவில்லை.

கொழுந்து பறிக்கும் கை நுட்பமற்ற கை எனக் கூறவும் முடியாது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, கரட்டிலை எது என்பதை நிறத்தாலும் தொடுகையாலும் நொடிப்பொழுதிற் பகுத்தறியும் கை அது. வடிவத்தையும் நிறத்தையும் மேற்பரப்பையும் அறியும் அத்திறனைத் தோட்டம் நிறுத்துக் கூலி கொடுத்துப் பெற்றுக்கொண்டது. அதனை அறிவு எனக் கொண்டு பாடசாலையில் வளர்க்க எவரும் முனையவில்லை.

4. புதுநோக்கும் தோட்டத்து எல்லையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர் சித்திரம் பற்றிய எண்ணமே உலகில் மாறலாயிற்று. 1897இல் வியன்னாவில் சிறுவர் கலை வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக், பிள்ளையின் சித்திரம் வளர்ந்தோரின் சித்திரத்தின் குறைவடிவம் ஆகாது. அது தனக்கென விதிகளை உடையது என்று காட்டினார். இங்கிலாந்தில் மேரியன் றிச்சட்சன் இந்நோக்கை வகுப்பறைக்குக் கொணர்ந்தார். 1943இல் ஹேர்பேட் றீட் கலையின் வாயிலாகவே கல்வி அமையவேண்டும் என வாதிட்டு நூல் எழுதினார். எழுத்துக் கற்குமுன் பிள்ளை சித்திரம் கற்கவேண்டும் என்பது காந்தியடிகளின் தன்வரலாற்றிலும் காணப்படும் கருத்தாகும். அத்தன்வரலாறு தொடராக வெளிவந்துகொண்டிருந்த 1927ஆம் ஆண்டின் நவம்பரிலேயே அவர் இலங்கைக்கு வந்து பதுளை உள்ளிட்ட மலைநாட்டு நகரங்களிற் பேசினார்.

இலங்கையில் இப்புதுநோக்கு வித்தியாபகுதியின் வழியாகவே வந்தது. 1920இல் இங்கு வந்து சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றிய சாள்ஸ் பிறீகுறோவ் வின்சர் பிரதிபண்ணும் முறையிலிருந்து ஆசிரியரை விடுவிக்க முனைந்தார். அவருக்குப் பின் அப்பதவியை வகித்தவரும் 1943இல் உருவான ‘43 குழு’வின் உறுப்பினருமான டபிள்யூ. ஜே. ஜி. பீலிங் அப்பணியைத் தொடர்ந்தார். வடக்கிற் சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சரின் பெயரால் ஓவியக் கழகம் ஒன்றை யாழ்ப்பாணத்தில் நிறுவினார். பின்னர் அ. மாற்கு 1959இல் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கிப் பாடசாலை ஆசிரியராகவும் ஓவியராகவும் ஒரு தலைமுறையை உருவாக்கினார். ஈழத்துத் தமிழரின் நவீன ஓவியம் பெரிதும் பாடசாலைச் சித்திர ஆசிரியரின் தோளிலேயே வளர்ந்தது எனலாம்.

இவ்வியக்கம் மலையகத்தை எட்டாமற் போனமைக்கு விளக்கம் எளிதே. சித்திர வித்தியாதரிசியின் பணி அரசாங்கப் பாடசாலைகளிலும் நன்கொடை பெற்ற பெரிய பாடசாலைகளிலும் நடைபெற்றது. சித்திர ஆசிரியரை வேண்டுவதற்குரிய வகுப்புகள் தோட்டப் பாடசாலையில் இருக்கவில்லை. 1945இன் இலவசக் கல்வி இந்நாட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்த வாயில்கள் தோட்டப் பிள்ளைக்கு உரிய அளவிற் திறக்கவில்லை. 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்கள் அப்பிள்ளையின் பெற்றோரை நாடற்றோர் ஆக்கின. 1960, 1961ஆம் ஆண்டுகளில் நன்கொடைப் பாடசாலைகள் அரசுடைமையானபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையை அடுத்துக் குடும்பங்கள் பிரிந்து கப்பலேறிய ஆண்டுகளில், பாடசாலைப் பதிவேட்டிற் பெயர் நிலைப்பதே நிச்சயமற்றதாயிற்று. புகையிரதப் பாதை 1924இல் பதுளையை எட்டி நின்றுவிட்டது. அதற்கப்பால் பசறை, லுணுகலை வழியாக மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களுக்குச் செல்லும் நெடும்பாதையிற் புதிய கல்விக் கருத்துகள் இன்னும் மெதுவாகவே பயணஞ்செய்தன.

5. லயத்து முற்றத்தின் சித்திரக்கூடம்

பாடசாலை அளிக்காததை மக்களின் வாழ்க்கை ஓரளவு அளித்து வந்தது. சாணமிட்டு மெழுகிய சிறு முற்றத்தில் தாய் இட்ட கோலமே தோட்டத்துப் பிள்ளை கண்ட முதற் சித்திரப் பாடம். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா எனத் தீர்மானித்தல், வரிசைகளை எண்ணுதல், புள்ளியைத் தொடாமற் சுற்றி வளைத்தல், தொடங்கிய இடத்திலேயே கோட்டை முடித்தல் ஆகியவற்றில் எண், சமச்சீர், இடைவெளி, தாளம் யாவும் அடங்கியுள்ளன. மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதனுக்கும் இரதிக்கும் முகம் எழுதுவதும், காகிதத்தால் முடி சமைப்பதும், திருவிழாவுக்குத் தேர் சோடிப்பதும் வண்ணத்தையும் வடிவத்தையும் கூட்டாகக் கையாளும் பயிற்சிகளாகும்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களின் விரல்களிலும் கூத்தாடுவோரின் கைகளிலும் உயிர்வாழ்ந்த இவ்வறிவைக் கலை என ஏற்காதது கல்வித்துறையின் குறைபாடு. தோட்ட மக்களிடம் கலையுணர்வு இல்லை என்னும் கூற்று அவர்களின் முற்றத்தைப் பாராதவர் கூறும் கூற்றாகும். அதேவேளை, இம்மரபு தானாகவே சித்திரக் கல்வி ஆகிவிடும் எனக் கொள்வதும் பொருந்தாது. கோலம் பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே உரியதாக வகுக்கப்பட்டது. பழகிய வடிவத்தைப் பேணுவதே அதன் இயல்பு. பிள்ளை தன் வாழ்வைத் தானே வரைந்து காட்டுதற்கு அதற்கு அப்பாலும் செல்லவேண்டியுள்ளது. அப்பணி பாடசாலைக்குரியது.

6. அரசின் பொறுப்பும் பாடத்தின் நிலையும்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானதைத் தொடர்ந்து, தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. 1977க்குப் பின் இது விரைவு பெற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. தோட்ட இளைஞர் ஆசிரியராயினர். 1990களிற் பத்தனையிற் ஜேர்மன் உதவியுடன் அமைந்த சிறீபாத கல்வியியற் கல்லூரி மலையக ஆசிரியரின் பயிற்சிக்குத் தளமாயிற்று. இவை போராட்டமின்றிக் கிடைத்தவையல்ல. இவற்றின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலும் ஆகாது.

ஆயினும், சித்திரம் எவ்வாறு உள்ளே வந்தது என்பதை நோக்குவோம். மேல்வகுப்புகளில் அது பொதுத் தராதரப் பரீட்சைக்குரிய அழகியற் பாடங்களுள் ஒன்றாகவே வந்தது. 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்னும் மூன்றையும் இணைத்துச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை ஒரு பாடமாக்கியது. கருத்தளவில் இது பெரும் முன்னேற்றமே. நடைமுறையிலோ ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் கீழ்வகுப்புகள் மீதும் விழுகின்றது. பரீட்சைக்கு வாராத பாடம் பணம் ஈட்டாத பாடத்தின் பழைய கதியையே அடைகின்றது. பெறுபேற்றுக்கு நன்கொடை என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு விதி பெயர் மாறி இன்னும் வாழ்கின்றது எனக் கூறின் மிகையாகாது.

விளைவாக, சித்திர நேரம் கிடைக்கும்போதும் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு காட்சியை வரைய, பிள்ளைகள் அதனைப் பிரதிபண்ணுவது வழக்கமாகிவிட்டது. இரு முக்கோண மலைகள், இடையே உதிக்கும் சூரியன், ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை: தமிழ்கூறும் நிலமெங்கும் அறிமுகமான காட்சி இது. தென்னை வளராத உயரத்திலுள்ள நமுனுகுலைச் சாரலிலும் பிள்ளை அந்தத் தென்னையையே வரைகின்றது. யன்னலுக்கு வெளியே நிற்கும் மலையை அது நிமிர்ந்து பார்ப்பதில்லை. தென் கென்சிங்டனின் அச்சிட்ட மாதிரிக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

7. அடிப்படைகளைக் கற்பித்தல்

இளஞ்சிறார்க்குரிய சித்திரப் பாடம் எங்கிருந்து தொடங்கவேண்டும்? 1947இல் விக்டர் லோவன்பெல்ட் வகுத்த படிநிலைகள் இன்றும் ஆசிரியர்க்குப் பயன்தருவன. ஏறத்தாழ 2 முதல் 4 வயதுவரை பிள்ளை கிறுக்குகின்றது. 4 முதல் 7 வரை தான் அறிந்ததை உருவாக்க முயல்கின்றது. 7 முதல் 9 வரை மனிதருக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும் தனக்கெனக் குறியீடுகளை அமைத்து, ஒரு நிலக்கோட்டின் மீது அவற்றை நிறுத்துகின்றது. தாயைப் பெரிதாகவும் வீட்டைச் சிறிதாகவும் வரையும் பிள்ளை அளவு தெரியாது தவறு செய்வதில்லை. தனக்கு முதன்மையானதைப் பெரிதாக்குகின்றது. முதுகிற் கூடை சுமந்த தாய் லயத்தினும் உயர்ந்து நிற்கும் சித்திரத்தைத் திருத்த முனையும் ஆசிரியர் ஒரு கூற்றை அழித்துவிடுகின்றார்.

புள்ளி, கோடு, வடிவம், நிறம், மேற்பரப்பு, வெளி என்னும் மூலகங்களைப் பெயர் சொல்லி மனனஞ் செய்விப்பதாற் பயனில்லை. ஊவாவின் நிலமே அவற்றைக் கற்பிக்க வல்லது. புள்ளிக்குக் கோலம் உண்டு. கோட்டுக்குத் தேயிலை நிரைகளும் மலையைச் சுற்றி வெட்டிய கான்களும் உண்டு. இறப்பர் மரத்தில் இடமிருந்து வலமாக ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்கும் பால்வெட்டு உண்டு. மொனராகலைத் தோட்டத்துப் பிள்ளை சரிகோட்டைத் தன் பெற்றோரின் கத்தியின் தடத்திலேயே காண்கின்றது. வடிவத்துக்குக் கொழுந்தும் சிரட்டையும் உண்டு. நிறத்துக்கு, ஆண்டின் தொடக்க மாதங்களில் இறப்பர் இலைகள் மஞ்சளும் செம்மையுமாகி உதிர்ந்து செம்புநிறத் தளிர் விடும் காலத்தினும் சிறந்த பாடநூல் இல்லை. பச்சை ஒன்றன்று, தளிரின் பச்சை வேறு, முற்றிய இலையின் பச்சை வேறு என்பதைக் கொழுந்தெடுப்போரின் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை, மஞ்சளும் நீலமும் எவ்வளவு கலந்தால் அது வரும் என்பதைச் செய்துபார்க்க விடுதலே வேண்டுவது. வெளிக்கு, அண்மையிலுள்ள குன்று கருமையாகவும் சேய்மையிலுள்ளது மங்கியும் தோன்றச் செய்யும் மூடுபனி உண்டு. மயிற்பாறை எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிய ஊரிற் பிள்ளை மயிலை அச்சுப்படத்தைப் பார்த்து வரையவேண்டிய தேவை இல்லை.

பொருளும் பெருந்தடையாகாது. கரித்துண்டு, செங்கற்பொடி, மஞ்சள், இலைச்சாறு, தேயிலைச் சாயம், பழைய தாள், ஈரமண், பரப்பிய மணல் ஆகியவற்றைக் கொண்டு முதலிரு ஆண்டுகளின் பாடத்தை நடத்தலாம். ஆனால் இதனைக் காரணங்காட்டி, தோட்டப் பிள்ளைக்குக் கரி போதும், நகரப் பிள்ளைக்கு வர்ணப்பெட்டி என்னும் புதிய பாகுபாடு நுழைய விடலாகாது. உள்ளதைக் கொண்டு தொடங்குதல் ஆசிரியரின் கடமை. இல்லாததை வழங்குதல் அரசின் கடமை.

முடிவுரை

மேற்காட்டிய வரலாற்றிலிருந்து பெறப்படுவது இதுவே. தோட்டப் பிள்ளைக்குச் சித்திரம் மறுக்கப்பட்டமை, அப்பிள்ளையைக் கையாக மட்டும் கண்ட ஒரு பொருளாதார அமைப்பின் விளைவு. அவ்வமைப்பின் சட்டங்கள் மாறிவிட்டன. வாக்குரிமையும் அரசாங்கப் பாடசாலையும் வந்துவிட்டன. எனினும் எண்ணும் எழுத்தும் முதலில், சித்திரம் நேரமிருந்தாற் பின்னர் என்னும் வரிசை பெரிதும் மாறவில்லை. இவ்வரிசையைக் காக்க இன்று துரைமார் தேவைப்படவில்லை. பரீட்சையும் பழக்கமும் போதுமானவையாக உள்ளன.

ஊவா மாகாணத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் சித்திரத்தின் அடிப்படைகளிற் பயிற்சி அளித்தல், நேரசூசியில் அதற்குரிய பாடவேளையைப் பிற பாடங்கள் கவராது காத்தல், கோலமும் கூத்தும் அறிந்த பெற்றோரை வகுப்பறைக்கு அழைத்தல் ஆகிய மூன்றும் உடனடியாகச் செய்யத்தக்கன. பிள்ளைகளின் சித்திரங்களைச் சேகரித்துப் பேணும் பணியைப் பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கலாம். தோட்டங்களைப் பற்றி அதிகாரிகள் எழுதிய அறிக்கைகள் ஆவணக்காப்பகங்களில் நிறைய உள்ளன. தோட்டத்துப் பிள்ளைகள் தம் மலையையும் லயத்தையும் தம் தாயையும் எவ்வாறு கண்டனர் என்பதற்கான சான்றுகளும் அவற்றோடு வைக்கப்படும்போதே மலையகத்தின் வரலாறு நிறைவுபெறும்.